ஊசி விழுந்தாலும் கேட்கும்

மன்ஹாட்டனில், இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டிய அந்தச் சொகுசு ஃபிளாட்டைப் புதுப்பித்து விலைக்கு வைத்திருந்தார்கள். வாலஸும் டெல்லாவும் இரண்டாம் முறையாகப் பார்க்க வந்திருந்தார்கள்.

"பக்கத்து வீட்டுச் சத்தம் வருமா?" என்றார் வாலஸ்.

தரகர் மர்லீன் அவசரமாகத் தலையாட்டினாள். "ஐயோ, ஊசி விழுந்தாக்கூட கேக்கும். அவ்வளவு அமைதி."

டெல்லா சுவரில் காதை வைத்தாள். மர்லீன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள்.

"எங்களுக்கு இது ஒத்து வராதுங்க," என்றாள் டெல்லா.

"ஏம்மா?"

"இவர் டிரம்பெட் வாசிக்கிறவர். போன வீட்ல, அமைதியான ஆளுங்கதான் எங்களக் கோர்ட்டுக்கு இழுத்தாங்க. பக்கத்துல வாசிக்கிறவங்க யாராவது இருந்தா தேவலை."

அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பிய லிஃப்ட்டில் பக்கத்து வீட்டு கிளாடிஸ் வந்தாள்.

"நீ எடுத்துக் குடுத்த சினிமா டிக்கெட்டுக்கு நன்றி, மர்லீன். படம் சுமார்தான். இனிமே நான் டிரம்ஸ் வாசிக்கலாமில்ல?"