மறைப்பு

கோர்ட்டில் பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணையிருக்கும் வேலைக்கு என்னை எடுத்தபோது, என் இளகிய மனதைப் பார்த்துத்தான் எடுத்தார்கள் என்று நினைத்திருந்தேன். உடம்பைப் பார்த்து என்பது பிறகுதான் தெரிந்தது. பூரணவல்லி சாட்சி சொல்லும்போது, அவள் கையை வெட்டியவன் அவள் கண்ணில் படாதபடி நடுப்பெஞ்சில் உட்கார்ந்து மறைக்க வேண்டும். அவ்வளவுதான் பணி. "அவன் மூஞ்சியப் பாத்தா எனக்கு நாக்கு எழும்பாது அண்ணாச்சி. கேஸ் முடியற வரைக்கும் நீங்க மெலிஞ்சிராதீங்க" என்பாள். டாக்டர் சொன்ன பத்தியத்தை நானும் வாய்தா வாய்தாவாகத் தள்ளிப்போட்டேன். கோர்ட்டுக்கு எதிரே நான் சாப்பிடும் ஓட்டல்காரர் மட்டும் வழக்கு நீள வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்.

அந்த நாளும் வந்தது. "வெட்டின ஆள் இங்க இருக்கானாம்மா?" என்று அரசு வக்கீல் கேட்டார். அவள் என்னையே பார்த்தாள். நான் மூச்சை இழுத்து இன்னும் கொஞ்சம் அகன்றேன்.

"அண்ணாச்சி, கொஞ்சம் நகந்துக்கிடுங்க."

நகர்ந்தேன். தழும்பேறிய கை, என் தோளைத் தாண்டி நேராக நீண்டது.

பத்தியமிருந்து இப்போது ஒரு தூணைக்கூட மறைக்க முடியாத அளவுக்கு மெலிந்துவிட்டேன். கோர்ட்டுப் பக்கம் போனால் அதே பெஞ்சில் சற்று நேரம் உட்காருவேன். நடுவில்தான் உட்காருவேன், பிறகு கொஞ்சம் நகர்ந்துகொள்வேன்.