உறையில்லாத கிருமி

போன வருட மழைக்குப் பிறகு அடைப்பான் நோயில் பதினேழு ஆடுகளைப் பறிகொடுத்தவள் வேலம்மா. தடுப்பூசியோடு வந்த கால்நடை மருத்துவர் ரெஹானா, மருந்துக்குள்ளும் அந்தக் கிருமிதான் இருக்கிறது என்றதும் வேலம்மா கையிலிருந்த ஆட்டுக்குட்டியை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"கொன்னதையே குத்துவீங்களா, டாக்டரம்மா?"

"அது உறை போட்டுக்கிட்டு உடம்பை ஏமாத்தும்க்கா. பெருகினப்புறம் நஞ்சைக் கக்கிக் கொல்லும். மருந்துல இருக்குற இதுக்கு உறை கிடையாது. உடம்பு சீக்கிரமே பிடிச்சு அழிச்சிடும். இது கக்குற நஞ்சு கொஞ்சம்தான், அதை வச்சே உடம்பு எதிர்க்கவும் பழகிடும்."

வேலம்மா குட்டியை நீட்டினாள்.

இந்த வருட மழையும் பெய்து ஓய்ந்தது. ஒரு காலையில் அவள் பட்டியைத் திறந்ததும் ஆடுகள் அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு பாய்ந்தன. சேற்றில் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. மல்லாந்து கிடந்தபடி, தன்னைத் தாண்டிக் குதிக்கும் ஒவ்வொரு வயிற்றையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.