பிளக் பாயிண்ட் உயரம்

கிட்ட வந்து உட்காருங்க. தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்ற கதை இல்லை இது.

"ஓடையைப் பார்க்க ஆபீஸ் மேடம் நாளைக்கு வர்றாங்க. நீ மட்டும் வாயைத் திறந்தே, அவ்வளவுதான்!" என்றார் வெல்டர்.

"திறக்கலை, போதுமா?" என்றாள் அவர் சம்சாரம்.

வெல்டருக்கு நம்பிக்கை வரவில்லை. எப்படி வரும்? ஓடைத் தண்ணீர் வருகிற பக்கம் அடுத்த வீட்டில் இருக்கிற தையல்காரியோடு தினம் ஒரு சண்டை போடாவிட்டால் இவளுக்குச் சாப்பாடு இறங்காது.

வெல்டர் பட்டறையில் இடம் போதவில்லை. பெரிய கேட் வேலை வந்தால் படுக்கப் போட வழி இல்லை. தெருவில் போட்டுப் பற்றவைத்தால் போகிறவன் வருகிறவனெல்லாம் திட்டுகிறான். இப்போது பள்ளிக்கூடத்து கேட் வேலை வேறு கைக்கு வருகிற மாதிரி இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற சின்ன ஓடையைக் கான்கிரீட் போட்டு மூடிவிட்டால் பட்டறை இரண்டு மடங்காகிவிடும்.

அனுமதி கேட்டு எழுதிப் போட்டாயிற்று. அக்கம்பக்கத்தில் யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று ஆபீஸில் கேட்டார்கள். தையல்காரிகூட மூச்சு விடவில்லை. "இவங்களுக்காக நான் ஆபீஸ் படி ஏறணுமா?" என்கிற ரோஷம்.

பாக்கி ஒரே ஒரு தொல்லைதான். மழையில் தண்ணீர் ஏறுகிற ஓடை என்றால் மூட விட மாட்டார்கள்.

ஏறாமல் என்ன? வருஷா வருஷம் வீட்டுக்குள்ளேயே இடுப்புக்கு மேல் ஏறும். அதனால்தான் வெல்டர் சுவரெல்லாம் புதுசாகப் பெயிண்ட் அடித்து, தண்ணீர்க் கறை தெரியாமல் மறைத்து வைத்திருந்தார்.

அதிகாரியம்மா வந்தார். ஓடையை எட்டிப் பார்த்தார்.

"மழைக்கு எவ்வளவு ஏறும்?"

"கணுக்கால் நனைஞ்சா அதிகம் மேடம். வாத்து நீந்தணும்னாகூட வயித்தை எக்கிக்கணும்."

அதிகாரியம்மா சிரித்துவிட்டார். கையெழுத்துப் போடப் பேனாவையும் எடுத்துவிட்டார். வெயிலில் அதிகாரியம்மா நெற்றியில் வியர்வை வழிந்தது. வாசலில் நின்ற சம்சாரம், உள்ளே வந்து உட்காரும்படி கையால் ஜாடை காட்டினாள்.

"ஏம்மா, பேச மாட்டீங்களா?"

"தொண்டை கட்டிடுச்சு மேடம்," என்று முந்திக்கொண்டார் வெல்டர்.

உள்ளே நாற்காலி போட்டாள். டேபிள் ஃபேனைக் கொண்டு வந்து வைத்தாள். வயரைக் கையில் பிடித்து, நுனிக்காலில் எம்பி, தலைக்கு மேலே இருந்த பிளக் பாயிண்டில் செருகினாள்.

அதிகாரியம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"என்னங்க, பிளக் பாயிண்ட் இவ்வளவு உயரத்துல?"

வெல்டரும் நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ வருஷமாக அதில்தான் ஃபேன் ஓடுகிறது. அது உயரத்தில் இருக்கிறது என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

"குழந்தை கையை விட்டுடக் கூடாதுன்னு..."

"என்ன வயசு குழந்தைக்கு?"

"காலேஜ் போறான் மேடம்."

சம்சாரம் அதற்குள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு மேலே ஏறினாள். ஆளுயர இரும்பு ஸ்டாண்டில் குந்தியிருந்த ஃபிரிட்ஜைத் திறந்து, ஜில்லென்று தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

"ஃபிரிட்ஜ் ஏன் அங்கே?"

"இவளுக்கு முதுகு வலி. குனியவே முடியாது மேடம்."

அதிகாரியம்மாவின் பேனா கைதவறிக் கீழே விழுந்தது. சம்சாரம் சட்டென்று குனிந்து எடுத்து நீட்டினாள்.

அதை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு அதிகாரியம்மா எழுந்தார்.

"ஓடையை மூட விட முடியாதுங்க. மூடித்தான் ஆகணும்னா, உங்க பிளக் பாயிண்ட் உயரத்துக்கு மேல மூடிக்கங்க."

வண்டி தெருமுனை திரும்பியதும் வெல்டர் குதித்தார்.

"கேன்ல தண்ணி இருந்துச்சே! ஸ்டூல் போட்டு ஏறித்தான் எடுக்கணுமா?"

"வாயைத் திறக்காதேன்னீங்க. திறந்தேனா?"

"நீ திறந்திருந்தாகூடத் தேவலைடி! கேட் வேலை போச்சு. வேணும்னுதானே செஞ்சே?"

"ஆமா."

சம்சாரம் ஸ்டூலை எடுத்து ஓரமாகப் போட்டாள்.

"ஓடையை மூடினா, அடிச்சுக்கிட்டு வர்ற கிளையும் குப்பையும் நம்ம எல்லையிலேயே அடைச்சுக்கும். அப்புறம் தண்ணி எங்க போகும்?"

"எதிர்த்துக்கிட்டுப் பின்னால போகும். மேட்டுல இருக்கிறதால இதுவரை தப்பிச்ச தையல்காரி வீட்டுலேயும் பூந்துக்கும். பூரட்டுமே! அவதான் உனக்கு ஜென்ம விரோதியாச்சே?"

"தண்ணி வந்தா நனையக் கூடாதுன்னு நாம ஃபிரிட்ஜைத் தூக்கி ஸ்டாண்டு மேல வச்சோம். கை கால் விழுந்து படுத்த படுக்கையா கிடக்கிற புருஷனை அவ ஒத்தையாத் தூக்கி எது மேல வைப்பா?"

வெல்டர் தலையைச் சொறிந்தார்.

"மெஷினை வண்டியில ஏத்திக்கிட்டுப் போய் பள்ளிக்கூடத்து மைதானத்துலேயே வச்சு கேட்டைப் பத்தவைக்க வேண்டியதுதான்," என்று முணுமுணுத்தார். பிறகு, "சரி, இரு. அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வர்றேன். உனக்கு நல்ல பேராவது மிஞ்சட்டும்," என்று செருப்பை மாட்டினார்.

"சொல்லித்தான் பாருங்களேன்! நாளையிலேருந்து என்னைக் கண்டா அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போவா. அவகிட்ட மிச்சம் இருக்கிறது அந்த வாய் ஒண்ணுதாங்க. அதையும் நாம பிடுங்கணுமா?"

சொல்லிவிட்டு, அவிழ்ந்த கொண்டையை இறுக்கி முடிந்தாள். விறுவிறுவென்று பின்பக்க மதிலுக்குப் போய், தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி குரல் கொடுத்தாள்:

"ஏய் தையல்காரி! உன் வெட்டுத்துணியெல்லாம் மிதந்து வந்து என் வீட்டுக்குப் பின்னால ஒதுங்குதே, கண்ணு தெரியலை உனக்கு? வெளியே வாடி!"