சிவப்புப் பெட்டியில் முப்பத்திரண்டு

“இதுக்குள்ள இருக்கற ஒரு எழுத்து காணாமப் போனாலும் உங்களைச் சும்மா விடமாட்டேன் தம்பி. இருபத்திரண்டு வருஷ உழைப்பு,” என்றார் பேராசிரியர். கம்ப்யூட்டர்காரர் தலையாட்டியபடி மேசைக்கடியில் குனிந்து, தூசி படிந்த ஒயர்களைப் பிரித்தார்.

அந்த உழைப்பு, நவீன இலக்கியத்தில் மனசாட்சியின் இடம் குறித்து முப்பத்தோரு இயல்களில் எழுதப்பட்ட நூல். மறுநாள் அது அச்சகத்துக்குப் போக வேண்டும். அச்சகத்தின் இணையதளம் அவரது கம்ப்யூட்டரின் பழைய ஓஎஸ்ஸில், அதாவது இயங்குதளத்தில், திறக்க மறுத்ததால்தான் புதியதை ஏற்ற இந்த அவசரம்.

“புத்தகத்தை மட்டும் ஒரு காப்பி எடுத்து வெச்சிடலாமா சார்? பென்டிரைவ் இருக்கு.”

“உங்க பென்டிரைவ்ல போட்டா அது உங்க பைக்குப் போகும். பை எங்க போகும்னு யார் கண்டா?”

அறையில் நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. ஆனாலும் ஆய்வு மாணவி நின்றுகொண்டே இருந்தாள். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை. அன்று மாலை ஐந்து மணியோடு அவளது பதிவு காலாவதியாகிறது. ஆய்வேடு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே உரிய நாளில் தமக்கு வந்துசேர்ந்தது என்று அவளது வழிகாட்டியான பேராசிரியர் ஒரு வரி எழுதித் தந்தால், ஆறாண்டு ஆய்வு பிழைத்துக்கொள்ளும்.

“கடைசி நாள் மத்தியானமே மெயில்ல அனுப்பிட்டேன் சார். அடிக்குறிப்புக்குத் தானா நம்பர் போட்டுக்கற மாதிரி நீங்க ஒரு டெம்ப்ளேட் குடுத்தீங்களே, அதுலதான் மொத்தமும் அடிச்சேன்.”

“மெயில் வந்துச்சும்மா. கூட ஃபைல் வரல. வெறும் கவரை அனுப்பிட்டு, கடுதாசி போட்டேன் போட்டேன்னு ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்கே. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!”

“நான் அனுப்பின மெயில் கணக்கையே மூடிட்டாங்க சார். உங்க வார்த்தைய விட்டா எனக்கு வேற சாட்சி இல்ல.”

“வெளிய போய் உக்காரு. அஞ்சு மணிக்குக் கூப்பிடறேன்.”

அவள் போனதும் கம்ப்யூட்டர்காரர் நிமிர்ந்தார். “சார், உங்க ஆன்டிவைரஸ் ரொம்பப் பழசு. புது ஓஎஸ்ஸோட ஒத்துப்போகாது. அதை வெச்சுக்கிட்டே ஏத்தினா மிஷின் பாதியில நின்னுடும். கடைசியா ஒரு முழு ஸ்கேன் ஓட்டிட்டு அதை எடுத்துடறேன்.”

“முழு ஸ்கேனா? அது ஓடினா இது ஆமையா நகருமே. நான் ஒருநாள்கூட அதை ஓட விட்டதில்ல.”

“எங்க முறை சார். வீடு காலி பண்றதுக்கு முன்னாடி மூலை முடுக்கெல்லாம் ஒரு தடவை பாத்துடுவோம்ல, அந்த மாதிரி.”

முக்கால் மணி நேரம் கழித்துத் திரையில் ஒரு சிவப்புப் பெட்டி எழுந்தது. அடைத்துவைக்கப்பட்ட கோப்புகள்: 32. பேராசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். முதல் வரியில் மாணவியின் பெயர் இருந்தது. அதனருகே, இரண்டு ஆண்டுகளுக்கு முன் கெடு முடிந்த அதே நாளின் தேதியும் இருந்தது.

“இது மெயில்ல வந்தப்பவே புடிச்சு உள்ள போட்டிருக்கு சார். வைரஸ் இல்ல, வெறும் சந்தேகம். ஃபைலுக்குள்ள தானா ஓடற சின்ன புரோகிராம் ஏதாவது இருந்தா இதுக்கு ஆகவே ஆகாது. வெளிய விட்டுடட்டுமா?”

பேராசிரியர் எழுந்து சென்று கதவைச் சாத்தினார். ஆய்வேடு வரவே இல்லை என்று, அவளது புகாரை விசாரித்த குழுவுக்கு அவர் மூன்று முறை கையொப்பமிட்டுக் கொடுத்திருந்தார்.

“விடாம, அப்படியே ஆன்டிவைரஸை நீக்கினா?”

“உள்ள அடைஞ்சது அத்தனையும் அதோட போயிடும். அப்புறம் யார் தலைகீழா நின்னாலும் திரும்ப எடுக்க முடியாது.”

“நீக்கிடுங்க.”

“கீழ இன்னும் வரி இருக்கு சார். ஒரு தடவை உருட்டிப் பாத்துட்டு...”

“குப்பையை எவனாவது உக்காந்து கிளறுவானா?” என்று மௌஸைப் பிடுங்கித் தாமே அழுத்தினார். உறுதிதானா என்று திரை கேட்டது. மீண்டும் அழுத்தினார்.

புதிய ஓஎஸ் ஏறிக்கொண்டிருக்கையில் மணி ஐந்தடித்தது. பேராசிரியர் மாணவியை உள்ளே அழைத்தார்.

“உனக்காக இன்னிக்கு மிஷினையே சல்லடை போட்டுச் சலிச்சாச்சும்மா. உன் ஃபைல் இல்ல. வேணும்னா இவரையே கேளு.”

கம்ப்யூட்டர்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இப்ப இல்லம்மா,” என்றார்.

“படிப்பு எல்லாருக்கும் வராதும்மா,” என்று பேராசிரியர் கனிவாகத் தொடர்ந்தார். “டைப்பிங் உனக்கு நல்லா வருது. எங்கயாவது சேந்து பொழச்சுக்கோ.”

அவள் கையொப்பத்துக்காகக் கொண்டுவந்திருந்த தாளை நான்காக மடித்தாள். பழக்கத்தில், “நன்றி சார்,” என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆறு மணிக்குப் புதிய திரை பளிச்சென்று விரிந்தது. பேராசிரியர் கைகளைத் தேய்த்துக்கொண்டு தம் நூலின் ஃபோல்டரைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார்.

“தம்பி, என்ன இது? ஒரு இயலைக்கூடக் காணோம்! எங்க வெச்சீங்க?”

“நான் எதையும் தொடல சார்.” கம்ப்யூட்டர்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். “அந்தப் பொண்ணு சொல்லுச்சே ஒரு டெம்ப்ளேட், உங்க புத்தகமும் அதுலதான் அடிச்சதா?”

“ஆமா, நானே உண்டாக்கினது. அதுக்கென்ன இப்ப?”

“அப்ப அந்த முப்பத்திரண்டுல முப்பத்தொண்ணு உங்களோடது சார்.”