வரைபடத்தில் உள்ளபடி

எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் கம்பெனி கேப் நின்று இருபது நிமிடம் ஆகிவிட்டது. முன்னால் ஒரு லாரி படுத்துவிட்டதாம். இறங்கி நடக்கவும் வழியில்லை.

நேர்காணலோ பத்து மணிக்கு. பிரிஜெட் பின் சீட்டிலிருந்தே போனில் முகம் காட்டினாள்.

திரையில் மூன்று வெளிநாட்டுக்காரர்கள். ஆப்பிரிக்கக் கிராமங்களில் குடிநீரையும் சுகாதாரத்தையும் கவனிக்கிற தொண்டு நிறுவனம். கிடைத்துவிட்டால் மலாவி. இந்த ஊரை விட்டுத் தொலைந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

அபார்ட்மெண்ட் கட்டுகிற கம்பெனியின் இன்ஜினியர் இந்த வேலைக்கு ஏன் வருகிறார் என்று கேட்டார்கள்.

மூன்று நாளாக ஒப்பித்து வைத்திருந்ததைச் சொன்னாள். அவள் கம்பெனி கட்டிய அடுக்ககத்தில் குடிநீருக்கு நீலக் குழாய். கழிவறைக்கு விடுகிற, சுத்திகரித்த சாக்கடைத் தண்ணீருக்குப் பச்சைக் குழாய். ஒரு பிளாக்கில் இரண்டும் மாறிப்போயின. பதினோரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அவள்தான் கோளாறைக் கண்டுபிடித்தாள். வீடு வீடாக ஏறி உப்பு சர்க்கரைக் கரைசல் கலக்கக் காட்டிக் கொடுத்தாள். இனி இந்த வேலைதான் என்று அன்றைக்கே முடிவெடுத்தாள்.

எல்லாம் உண்மை.

தவறு யாருடையது என்று நடுவிலிருந்த பெண்மணி கேட்டார்.

பிரிஜெட் ஜன்னல் பக்கம் பார்த்தாள். உரசிக்கொண்டு நின்ற பேருந்து இம்மியும் நகரவில்லை.

பிளம்பருடையது என்றாள். அவரை அன்றே வேலையை விட்டு நிறுத்தியதையும் சொன்னாள்.

மூவரும் தலையாட்டினார்கள். அங்கேயும் இதே தொல்லைதானாம். அடுத்த மாதமே வந்துவிடச் சொன்னார்கள். முதல் ஆறு மாதம், வரைபடத்தில் உள்ளபடியே குழாய் போட உள்ளூர் பிளம்பர்களை அவள் பழக்க வேண்டும்.

நன்றி சொல்லிப் போனை வைத்தாள். கொஞ்சம் காற்று வேண்டும் என்று கதவைத் தள்ளினாள். பேருந்தில் இடித்துக்கொண்டு அது திறக்கவில்லை.

அந்த பிளாக்கில் குழாய் பதித்த அன்று, பிளம்பர் முனிராஜ் அவளுக்குப் போன் செய்திருந்தார்.

"மேடம், நீங்க போட்ட டிராயிங்ல பச்சை லைன் கிச்சனுக்குப் போவுது. ஸ்வல்ப வந்து பாத்துட்றீங்களா?"

அவளுக்கு அன்றைக்கு நாலு சைட். "டிராயிங்ல எப்டி இருக்கோ அப்டியே போடுங்கண்ணா," என்று வைத்துவிட்டாள்.

அவர் அப்படியேதான் போட்டிருந்தார்.