பிரஷ் கொடுக்கும் வீடு

"துப்பு! துப்புடா வெஸ்லி!"

ஜோலீன் மகனின் வாய்க்குள் இரண்டு விரல்களை விட்டிருந்தாள். கடைவாய்ப் பல்லில் அப்பிக்கொண்ட கேரமல் மிட்டாய் பிடி கொடுக்காமல் வழுக்கியது. வாசற்படியில் ஒரு சூனியக்காரியும் இரண்டு எலும்புக்கூடுகளும், வேஷத்துக்கு மேல் குளிர் கோட்டை மாட்டிக்கொண்டு, வேடிக்கை பார்த்தபடி நின்றன.

வந்துவிட்டது. டிஷ்யூவில் சுருட்டி எறிந்தாள்.

விண்வெளி வீரன் உடையிலிருந்த ஆறு வயது வெஸ்லி அழவில்லை. அழுதால் மூச்சு வாங்கும் என்று அவனுக்குத் தெரியும்.

ஹாலோவீன் சாயங்காலம்; பிள்ளைகள் வேஷம் போட்டு, மிட்டாய் கேட்டுத் தெருவைச் சுற்றும் நாள். அமெரிக்காவின் டுலூத் நகரில் அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் மிட்டாய். இந்த வீட்டில் மட்டும் ஒரு வாளி நிறைய டூத் பிரஷ். வீடு வீடாகப் படியேற வெஸ்லியால் ஆகாது. அதனால் வாசலில் நாற்காலி போட்டு அவனே விநியோகம் செய்துகொண்டிருந்தான்.

"டேய், அங்க ஏறாதடா! பிரஷ்தான் குடுப்பாங்க. இப்பதான் வாங்கி ஏமாந்தேன்!" என்று தெருவிலிருந்து ஒரு டைனோசர் கத்தியபோது, முதலில் சிரித்தவன் வெஸ்லிதான்.

ஜோலீன் அடுப்பைப் பார்க்க உள்ளே போன நேரத்தில், ஒரு குட்டித் தேனீ இரக்கப்பட்டுத் தன் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து அவன் மடியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறது.

பக்கத்து வீட்டு மார்லிஸ் மிட்டாய்க் கிண்ணத்தோடு வந்துவிட்டாள்.

"ஏம்மா ஜோலீன், ஒரே ஒரு மிட்டாய். அதுல என்ன உயிரா போயிடப் போகுது? நாளும் கிழமையுமா புள்ளைய இப்படியா படுத்துவ?"

ஜோலீன் வெஸ்லியின் முகவாயை நிமிர்த்தினாள். பிரஷ்ஷில் பேஸ்ட்டைப் பிதுக்கினாள்.

கோடையில் கீழ்வரிசைப் பல் ஒன்றில் சொத்தை. தினமும் அவன் விழுங்குகிற பாகு மருந்துகளின் வேலை. உள்ளே சீழ். பல் டாக்டர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். ஆஸ்பத்திரி வெஸ்லியின் பெயரை ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்கள் வரிசையிலிருந்து ஒதுக்கி வைத்தது. வாயில் கிருமியோடு அந்த ஆபரேஷன் செய்ய முடியாது. செய்தால் கிருமியே ஆளை முடித்துவிடும்.

பல்லைப் பிடுங்கி, ஈறு ஆறி, பெயர் மறுபடி ஏறுவதற்குள் மரங்கள் நிறம் மாறிவிட்டன. வெஸ்லி மாடிப்படி ஏறுவதை நிறுத்திவிட்டான். இன்னொரு முறை ஒதுக்கி வைக்கும்படி ஆனால் பையன் தாங்கமாட்டான் என்று டாக்டர் சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து இந்த வீட்டுக்குள் சர்க்கரை நுழையவில்லை. ஒவ்வொரு வேளை மருந்துக்குப் பிறகும் பிரஷ். தலையணைக்கு அடியில் போன்.

படுக்கப் போகுமுன் அம்மாவும் பிள்ளையும் கட்டிலருகே கைகூப்புவார்கள். சின்னப் பிரார்த்தனைதான்.

"சீக்கிரம் வரட்டும். ஆமென்."

வெஸ்லி 'ஆமென்'னை மட்டும் சத்தமாகச் சொல்வான்.

மேல்வரிசை முடித்துக் கீழ்வரிசைக்கு பிரஷ் இறங்கியபோது போன் அடித்தது. ஜோலீனின் இரண்டு கையிலும் நுரை. மார்லிஸ்தான் எடுத்து அவள் காதில் வைத்தாள்.

"ஜோலீனா? வந்துடுச்சுங்க. உடனே கிளம்புங்க."

ஆஸ்பத்திரி நர்ஸின் குரல். காய்ச்சல் உண்டா? சளி? கடைசியாக என்ன சாப்பிட்டான்? பல்?

"பல்லா? சுத்தமா இருக்கு. அவ்வளவு சுத்தமா இருக்கு!"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நுரை வாயோடு வெஸ்லியும் சிரித்தான். மார்லிஸுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது கிண்ணத்தை அப்படியே தரையில் வைத்துவிட்டு, காரைச் சூடுபண்ண ஓடினாள்.

ஜோலீன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கோட்டுக்குள் கையை நுழைத்தாள். கேட்கக்கூடாதது என்று தெரியும். சந்தோஷத்தில் வாய் முந்திக்கொண்டது.

"யாரோடது? எங்கேருந்து வருது?"



"அதச் சொல்லக் கூடாதுங்க. அளவு சரியா இருக்கு. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

அளவு.

ஒரு கையை மட்டும் மாட்டிய கோட்டோடு ஜோலீன் நின்றுவிட்டாள்.

ஆறு வயதுப் பிள்ளையின் மார்புக்கூட்டுக்குள் பெரியவர்களின் இதயம் அடங்காது.