முற்றுப்புள்ளி இல்லையாம்

ரைமோ எழுதிய நிரல் திருத்தத்தை ஏழாவது தடவையும் ஹில்க்கா திருப்பி அனுப்பிவிட்டாள். இந்த முறை காரணம், குறிப்பு வரியின் கடைசியில் முற்றுப்புள்ளி இல்லையாம்.

ரைமோவுக்குக் கோபம்கூட வரவில்லை. போன வருடம் பழைய கம்பெனி வீட்டுக்கு அனுப்பியதிலிருந்தே அவனுக்கு எல்லாம் மரத்துப் போயிருந்தது. நாற்பத்தெட்டு வயதில் தம்பெரே நகரில் மறுபடி வேலை தேடி அலைவதை நினைத்தால் மட்டும் பயமாக இருக்கும்.

இங்கே அவன் தற்காலிகம். மாதக் கடைசியில் கூப்பிட்டு, இன்னும் ஒரு மாதம் என்று நீட்டிப்பார்கள்.

அவனை எடுத்ததே, நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரில் இருந்த ஒரு கோளாறுக்காகத்தான். டெம்ப்ளேட் என்ற பொது அச்சுக்குள் வரும் மதிப்பு என்ன வகை என்று கம்பைலர் தானாக ஊகிக்க வேண்டும். 'மாற்றக் கூடாது' என்று குறித்து அனுப்பியதைக்கூட அது 'மாற்றலாம்' என்று ஊகித்துத் தொலைத்தது. நவம்பரிலேயே ரைமோ அதைச் சரிசெய்துவிட்டான். இப்போது பிப்ரவரி. குழுவில் மூத்தவளான ஹில்க்கா ஒப்புதல் கொடுத்தால்தானே திருத்தம் உள்ளே போகும்?

காபி மெஷின் அருகே அவளைப் பிடித்தான்.

"நான் எழுதினதுல ஏதாவது தப்பு இருக்கா ஹில்க்கா?"

"தப்புன்னு நான் சொல்லவே இல்லையே."

"அப்புறம் என்னதான் வேணும் உங்களுக்கு?"

"எதுக்கு இப்படிப் பறக்கிறே? ஏலக்காய் பன் சூடா இருக்கு, சாப்பிடு."

பன்னை அவன் கையில் திணித்துவிட்டு நகர்ந்தாள். செய்வதையும் செய்துவிட்டு உபசாரம் வேறு. இந்த மாதமும் வேலை முடியாவிட்டால் நீட்டிப்பு கிடைக்காது. இவள் அதற்குத்தான் காத்திருக்கிறாள் என்று ரைமோ முடிவு கட்டினான்.

பன்னை அங்கேயே வைத்துவிட்டு நேராக மேலாளர் சமுலியின் அறைக்குப் போனான்.

"மூணு மாசமா காற்புள்ளி, முற்றுப்புள்ளின்னு இழுத்தடிக்கிறாங்க. நீங்களே பாருங்க."

சமுலி சோதனைகளை ஓட்டிப் பார்த்தான். ஒன்றுகூடத் தவறவில்லை. அவனே ஒப்புதலைக் கொடுத்துவிட்டு எழுந்து கைகுலுக்கினான்.

"பிரமாதம் ரைமோ. அப்போ வேலை முடிஞ்சுது."

வெளியே வந்தபோது பல மாதங்களுக்குப் பிறகு ரைமோவுக்குச் சந்தோஷம் மாதிரி ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது. ஹில்க்காவின் மேஜைக்கு முன்னால் போய் நின்றான்.

"இனிமே நீங்க கஷ்டப்பட வேண்டாம். சமுலியே ஒப்புதல் போட்டுட்டார்."

அவள் திரையைப் பார்த்தாள். எழுந்திருக்கப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"அந்தக் கோளாறு இருக்கிற வரைக்கும்தான் உனக்கு இங்க வேலைன்னு சமுலி நவம்பர்லயே என்கிட்ட சொல்லிட்டான் ரைமோ."